வளரும் வல்லரசுகளும் இரும்புத் தாது மாவட்டங்களும்

ஒரு நாடு தொழில்துறையில் விரைந்து முன்னேறத் தொடங்கும்போது அதற்கு முதலில் மிகுதியாகத் தேவைப்படும் பொருள்களுள் எஃகு ஒன்றாகும். பாலம், இருப்புப்பாதை, கப்பல், ஆலை, அடுக்குமாடிக் கட்டடம் ஆகிய யாவும் எஃகை நம்பியே எழுகின்றன. எஃகுக்கு இரும்புத் தாது வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பொருளாதார வலிமை பெற்று எழுந்த நாடுகளில் முதலில் ஜப்பானும், அடுத்து எண்ணெய் வளத்தால் செழித்த ஈரானும், அதன்பின் சீனாவும் இந்தியாவின் தாது மலைகளை நாடி வந்தன. இம்மூன்று வருகைகளையும் வரிசையாக வைத்து ஆராய்ந்தால், உலகச் சந்தையோடு ஏற்படும் இணைப்பு ஒரு மாவட்டத்தை எப்போது உயர்த்துகிறது, எப்போது வெறுமனே கடந்து செல்கிறது என்பதை ஓரளவு தெளிவாக அறியலாம்.

இப்பொருள் பற்றிய பொதுக் கோட்பாடு புதியதன்று. சுவீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் குன்னார் மிர்தால் 1957-இல் வெளியிட்ட நூலில் இரு விளைவுகளை வேறுபடுத்திக் காட்டினார். வளரும் மையம் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து மூலதனத்தையும் திறமையுள்ள மக்களையும் ஈர்த்துக்கொள்வது பின்னிழுப்பு விளைவு. அம்மையத்தின் தேவைகள் பெருகுவதால் சுற்றுப் பகுதிகளிலும் தொழிலும் வருமானமும் பெருகுவது பரவல் விளைவு. இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது தானாக முடிவாகிவிடுவதில்லை. அடுத்த ஆண்டில் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் இதே வினாவை வேறு வகையில் எழுப்பினார். ஒரு தொழில் தனக்கு முன்னும் பின்னும் வேறு எத்தனை தொழில்களை எழுப்புகிறது என்பதே அவருடைய அளவுகோல். இதனை அவர் இணைப்புகள் என்று குறிப்பிட்டார். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்திருப்பார்கள். அவை நில வரைபடத்தில் எங்கே பொருந்துகின்றன என்பதைக் காண்பது அதனினும் பயனுடையது.

ஜப்பானின் பாதை

ஜப்பான் 1960-இல் ஏறத்தாழ 2.2 கோடி டன் எஃகை உற்பத்தி செய்தது. 1973-இல் அது ஏறத்தாழ 12 கோடி டன்னாக உயர்ந்தது. தன் நாட்டில் தரமான தாது பெரிதும் இல்லாத நிலையில், ஜப்பான் தன் ஆலைகளைக் கடற்கரையில் அமைத்துக்கொண்டு, தாதுவைக் கடல் கடந்து வரவழைத்தது. 1960-இல் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி இந்தியா ஆண்டுக்கு 60 இலட்சம் டன் தாது வழங்குவதென முடிவாயிற்று. இதில் 40 இலட்சம் டன் பஸ்தர் பகுதியின் பைலாடிலா மலைத்தொடரிலிருந்தும், எஞ்சியது கிரிபுருவிலிருந்தும் அனுப்பப்பட வேண்டும். 1958-இல் நிறுவப்பட்ட தேசிய கனிம மேம்பாட்டுக் கழகம் இப்பொறுப்பை ஏற்றது. 1968-இல் பைலாடிலாவில் உற்பத்தி தொடங்கிற்று.

இதற்கென அமைக்கப்பட்ட கிரண்டுல்–கொத்தவலசை இருப்புப்பாதை கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து செல்வது. அதன் நீளம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். பொறியியல் நோக்கில் அது பாராட்டுக்குரிய சாதனை. ஆனால் அதன் திசை கவனிக்கத்தக்கது. பாதை சுரங்கத்திலிருந்து விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குச் செல்கிறது. பஸ்தரின் தலைமையிடமான ஜகதல்பூர் இப்பாதையில் உள்ளது. அந்நகரத்திலிருந்து தன் மாநிலத் தலைநகரான ராய்ப்பூருக்கு நேரான இருப்புப்பாதை இன்னமும் இல்லை. அதற்கான பணி பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. இரயிலில் செல்ல விரும்புவோர் ஒடிசா வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். தாது பயணம் செய்வதற்கான வழி ஓர் ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் கிடைத்துவிட்டது. மக்கள் பயணம் செய்வதற்கான வழி அரை நூற்றாண்டு கடந்தும் முற்றுப்பெறவில்லை.

1976-இல் விசாகப்பட்டினத்தில் பெருங்கப்பல்களுக்கான வெளித் துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் அந்நகரிலேயே ஒருங்கிணைந்த எஃகாலை எழுந்து, 1992-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வாலைக்குச் சொந்தச் சுரங்கம் கிடையாது. அதற்கு வேண்டிய தாதுவில் பெரும்பகுதி பைலாடிலாவிலிருந்தே வந்தது. ஆக, ஜப்பானுக்குச் சென்ற தாதுவும் உள்நாட்டில் எஃகான தாதுவும் ஒரே தண்டவாளத்தின் வழியே கடற்கரைக்குச் சென்றன. துறைமுகம், ஆலை, பணிமனை, கல்லூரி, அவற்றைச் சார்ந்த வாணிகம் ஆகிய அனைத்தும் பாதையின் கீழ்முனையில் திரண்டன. மேல்முனையில் குழிகளும் கழகக் குடியிருப்பும் எஞ்சின. பஸ்தரிலேயே எஃகு உருக்கும் ஆலை ஜகதல்பூருக்கு அருகிலுள்ள நகர்னாரில் செயற்படத் தொடங்கியது 2023-இல். முதல் தாது சென்று 55 ஆண்டுகளுக்குப் பின்னர். 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி, மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் பழங்குடியினராக உள்ள தந்தேவாடா மாவட்டத்தின் எழுத்தறிவு 42 விழுக்காடு. அதே ஆண்டில் அனைத்திந்திய அளவு ஏறத்தாழ 73 விழுக்காடாகும்.

ஏற்றுமதியைக் குறை கூறுவதற்காக இதனை எடுத்துக்காட்டுவதாகக் கருதலாகாது. 1960-களில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெரிதும் தேவைப்பட்டது. தாது அதனை ஈட்டித் தந்தது. மிர்தால் கூறிய பரவல் விளைவு நிகழவே செய்தது. ஆனால் அது விசாகப்பட்டினத்தில் நிகழ்ந்தது.

ஈரானின் படிப்பினை

கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள குதிரேமுக் வேறு வகையான சான்று. 1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து, ஈரானிடம் பெருஞ்செல்வம் குவிந்தது. மன்னராட்சியின் தொழில்மயத் திட்டங்களுக்குத் தாது வேண்டியிருந்தது. 1975-இல் இந்தியாவும் ஈரானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குதிரேமுக்கின் குறைதரத் தாதுவைச் செறிவூட்டி, ஆண்டுக்கு 75 இலட்சம் டன் அளவில் ஈரானுக்கு அனுப்புவதென்றும், அதற்கான முதலீட்டை ஈரான் கடனாக அளிப்பதென்றும் முடிவாயிற்று. நீரில் கலந்த தாதுக் குழம்பை மங்களூருக்குக் கொண்டு செல்ல 67 கிலோமீட்டர் நீளக் குழாய் அமைக்கப்பட்டது. 1980-இல் ஆலை குறித்த காலத்தில் ஆயத்தமாயிற்று. ஆனால் 1979-இல் ஈரானில் ஏற்பட்ட புரட்சி அனைத்தையும் மாற்றிவிட்டது. கடனின் எஞ்சிய பகுதியும் வரவில்லை. தாதுவை வாங்குவாரும் இல்லை.

ஒரே வாங்குபவரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட ஆலைக்கு மாற்றுச் சந்தை தேடப் பல ஆண்டுகள் ஆயின. மங்களூரில் உருண்டைத் தாது ஆலை அமைத்து, பிற நாடுகளை நாட வேண்டியதாயிற்று. இதற்கிடையில் அம்மலைக்காடுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றத்தின் 2002 ஆணைப்படி 2005 இறுதியோடு சுரங்கப்பணி நிறுத்தப்பட்டது. வாங்கும் நாட்டின் அரசியல் நாட்காட்டி விற்கும் மாவட்டத்தின் நாட்காட்டியோடு ஒத்துச் செல்ல வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. திட்டம் தீட்டுவோர் இதனை இடர்ப்பாடு என்ற ஒற்றைச் சொல்லால் கணக்கில் காட்டிவிடுவதுண்டு. குன்றின்மேல் எழுப்பப்பட்ட நகரியத்தில் குடியிருந்தோருக்கு அது வேலை இழப்பாக வந்தது.

சீனாவின் பத்தாண்டுகள்

சீனா ஏற்றத்தாழ்வை வெளியே பரப்புவதற்கு முன்னரே தன்னகத்தும் தோற்றுவித்த நாடாகும். மாவோ காலத்தில் பாதுகாப்புக் கருதி உள்நாட்டு மலைப்பகுதிகளில் ஆலைகள் அமைக்கப்பட்டன. சிச்சுவான் மாநிலத்தின் பான்சிஹுவா எஃகாலை அவற்றுள் ஒன்று. 1978-க்குப் பின்னர் நோக்கு மாறிற்று. அவ்வாண்டின் இறுதியில் ஷாங்காய் அருகே பாவோஷான் எஃகாலையின் கட்டுமானம் ஜப்பானிய உதவியுடன் தொடங்கப்பட்டது. இறக்குமதித் தாதுவைக் கொண்டு கடற்கரையில் எஃகு உருக்கும் ஜப்பானிய முறையை அது பின்பற்றியது. 1980-இல் நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களும், 1984-இல் மேலும் 14 கடற்கரை நகரங்களும் அயல்நாட்டு முதலீட்டுக்குத் திறந்துவிடப்பட்டன. கரையோர மாநிலங்கள் முந்தின. மேற்கு மாநிலங்கள் பின்தங்கின. 2000-ஆம் ஆண்டளவில் சீன அரசு மேற்குப் பகுதி வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தனியே வகுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினராயிற்று. 2000-இல் ஏறத்தாழ 13 கோடி டன்னாக இருந்த அதன் எஃகு உற்பத்தி 2010-இல் 63 கோடி டன்னைக் கடந்தது. 2003-இல் தாது இறக்குமதியில் சீனா ஜப்பானை விஞ்சியது. அந்நாள்வரை தாதுவின் விலை ஆண்டுக்கொருமுறை பேரம் பேசி முடிவு செய்யப்பட்டு வந்தது. 2005-ஆம் ஆண்டுப் பேரத்தில் அது ஒரே தாவலில் 71.5 விழுக்காடு உயர்ந்தது. 2011 தொடக்கத்தில் டன்னுக்கு ஏறத்தாழ 190 டாலரை எட்டியது. ஆஸ்திரேலியாவும் பிரேசிலும் நீண்டகால ஒப்பந்தங்களில் கட்டுண்டிருக்க, இந்தியத் தாது பெரும்பாலும் அன்றாடச் சந்தையில் விற்கப்பட்டது. எனவே ஏற்றத்தின் முழு வேகமும் இங்கே உணரப்பட்டது. 2009–10-இல் இந்தியாவின் தாது ஏற்றுமதி 11 கோடி டன்னைத் தாண்டியது.

பெல்லாரி, ஹோஸ்பேட், சந்தூர் வட்டாரங்களில் அவ்வாண்டுகளில் நிகழ்ந்தவற்றை விரிவாகக் கூற வேண்டுவதில்லை. சாலைகள் தாது லாரிகளால் நிரம்பின. விளைநிலங்களையே குடைந்து மேற்பரப்புத் தாதுவை எடுத்து விற்றவர்களும் உண்டு. சென்னை உள்ளிட்ட துறைமுகங்கள் செந்தூள் படியும் அளவுக்குத் தாதுவைக் கையாண்டன. இங்கே அலுவலர்களும் மாணவர்களும் நின்று நோக்க வேண்டியது ஒரு சிறு எண்ணாகும்.

இருபத்தேழு ரூபாய்

கனிமத்தை வெட்டி எடுப்பவர் மாநில அரசுக்குச் செலுத்தும் தொகையை ராயல்டி என்கிறோம். அதன் வீதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் முக்கியக் கனிமங்களைப் பொறுத்தவரை மத்திய அரசிடம் உள்ளது. 2004-இல் அறிவிக்கப்பட்ட வீதப்படி, இரும்புத் தாதுவுக்கான ராயல்டி டன் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என நிலையாக வரையறுக்கப்பட்டிருந்தது. 65 விழுக்காடும் அதற்கு மேலும் இரும்பு கொண்ட கட்டித்தாதுவுக்கு 27 ரூபாய், அதுவே உச்சவரம்பு. ஏற்றுமதியில் பெரும்பங்கு வகித்த பொடித்தாதுவுக்கு அதனினும் குறைவு.

கணக்கிட்டுப் பார்க்கலாம். டன் ஒன்று துறைமுகத்தில் 100 டாலருக்கு விற்பதாகவும், டாலருக்கு 45 ரூபாய் எனவும் கொண்டால், விற்பனை விலை 4,500 ரூபாய். அதில் வெட்டுகூலி, லாரி வாடகை, இரயில் கட்டணம், துறைமுகச் செலவு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும் என்பது உண்மையே. அவ்வாறு கழித்த பின்னும் எஞ்சியது பெருந்தொகை. 27 ரூபாய் என்பது விற்பனை விலையில் 0.6 விழுக்காடு. விலை 50 டாலராக இருந்தபோதும் 27 ரூபாய். 150 டாலராக உயர்ந்தபோதும் 27 ரூபாய். சீனாவின் எழுச்சியால் விளைந்த விலையேற்றத்தில் ஒரு காசு கூட ராயல்டி வழியே மாநிலத்துக்கு வந்து சேரவில்லை. 2007 வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு டன்னுக்கு 300 ரூபாய் ஏற்றுமதி வரி விதித்தது. சில மாதங்களில் குறைதரப் பொடித்தாதுவுக்கு அது 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அவ்வரி மத்தியக் கருவூலத்துக்குச் சென்றது. குழிக்கு அருகில் உள்ள ஊராட்சிக்கு இவ்விரண்டு தொகையிலும் நேரடிப் பங்கு இல்லை.

2009 ஆகஸ்டில் வீதமுறை மாற்றப்பட்டு, விலையில் 10 விழுக்காடு என ஆயிற்று. 2014-இல் 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அடிப்படையில் சரியான மாற்றமே. ஆனால் ஏற்றுமதிப் பேரலையின் பெரும்பகுதி அதற்குள் கடந்துவிட்டிருந்தது. உலகமயத்தின் தவிர்க்க முடியாத விளைவாக இதனைக் கருதுவது பொருந்தாது. உலகச் சந்தை விலையைத்தான் நிர்ணயித்தது. அவ்விலையில் யாருக்கு எவ்வளவு என்பதை உள்நாட்டு அட்டவணை ஒன்று நிர்ணயித்தது. அவ்வட்டவணையை உரிய காலத்தில் திருத்துவது அயல்நாட்டார் எவருடைய இசைவையும் நாட வேண்டிய செயலன்று.

2011 ஜூலையில் கர்நாடக லோகாயுக்தாவின் அறிக்கை வெளிவந்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் சுரங்கப்பணியை நிறுத்தியது. 2013 தீர்ப்பில் குத்தகைகள் மூவகையாகப் பிரிக்கப்பட்டு, கடும் விதிமீறல் கொண்டவை நீக்கப்பட்டன. ஆண்டு உற்பத்திக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. 2012–13-இல் இந்தியாவின் ஏற்றுமதி 2 கோடி டன்னுக்கும் கீழே இறங்கியது. 2015 இறுதியில் உலக விலையும் 40 டாலருக்குக் கீழே சரிந்தது. லாரி வாங்கக் கடன்பட்டவர்கள் தவணை செலுத்த வழியின்றி நின்றனர்.

கோவாவின் வேறுபாடு

ஒரே தேவை, ஒரே காலம், ஒரே வாங்குபவர். ஆயினும் கோவாவில் நிகழ்ந்தது சற்று வேறானது. அங்கு கிடைப்பது பெரும்பாலும் குறைதரத் தாது. போர்ச்சுகீசியர் ஆட்சிக் காலத்திலேயே ஏற்றுமதி தொடங்கிவிட்டது. சுரங்கத்திலிருந்து ஆற்றுத்துறை வரை உள்ளூராரின் லாரிகளும், அங்கிருந்து மாண்டோவி, சுவாரி ஆறுகளின் வழியே மர்மகோவா வரை சரக்குப் படகுகளும் தாதுவைச் சுமந்தன. லாரிக்காரர், படகுக்காரர், பழுது பார்ப்பவர், சிறுகடைக்காரர் என வருமானம் பல கைகளில் பிரிந்தது. ஹிர்ஷ்மன் கூறிய இணைப்பு இதுவே. கோவா ஏற்கெனவே எழுத்தறிவிலும் சாலை வசதியிலும் முன்னேறியிருந்த பகுதி என்பதும் இதற்குத் துணை நின்றது. பஸ்தரில் தாது குழியிலிருந்து நேரே இரயில் பெட்டிக்குள் விழுந்தது. இடையே பணம் தங்கிச் செல்லும் இடம் ஏதுமில்லை.

ஆனால் பல கைகளில் பரவிய வருமானம், நின்றபோது பல வீடுகளையும் ஒருசேரத் தாக்கிற்று. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கோவாவில் சுரங்கப்பணியை நிறுத்தியது. 2014-இல் ஆண்டுக்கு 2 கோடி டன் வரம்புடன் இசைவளித்தது. 2018 பிப்ரவரியில் புதுப்பிக்கப்பட்ட 88 குத்தகைகளையும் இரத்து செய்தது. மாநில அரசு லாரி, படகு உரிமையாளர்களுக்கு நிவாரணம் வழங்க வேண்டியதாயிற்று. மற்றொரு புறம், சுரங்க மண் படிந்த வயல்களின் உழவர்கள் இத்தடையை நெடுநாள் வேண்டி நின்றவர்கள். ஒரே ஊரில் ஒரு தெரு வருந்த, மற்றொரு தெரு ஆறுதல் அடைந்தது. சராசரி வருமானக் கணக்கில் இவ்வேறுபாடு தென்படாது.

வாங்குபவர் நாமே ஆகும்போது

2018-இல் எஃகு உற்பத்தியில் இந்தியா ஜப்பானை விஞ்சி உலகில் இரண்டாம் இடம் பெற்றது. 2023-இல் உற்பத்தி ஏறத்தாழ 14 கோடி டன். இன்று பைலாடிலா, கியோஞ்சர், பெல்லாரி ஆகியவற்றின் தாதுவை நாடும் வளரும் வல்லரசு இந்தியாவே ஆகும். இதனால் தாது மாவட்டங்களின் நிலை தானாகவே மாறிவிடும் என்று எண்ணுவதற்கு முன்னர் ஒரு பழைய அனுபவத்தை நினைவு கூர்தல் தகும். 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை நடைமுறையில் இருந்தது. அதன்படி எஃகு நாடெங்கும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைத்தது. தொழில் எங்கும் பரவ வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் வகுக்கப்பட்டதே அது. மேற்கிலும் தெற்கிலும் பொறியியல் தொழில்கள் வளர அது உதவியது. ஆனால் பீகார், வங்காளம், ஒரிசா, மத்தியப் பிரதேசம் ஆகியவற்றுக்கு, சுரங்கமும் எஃகாலையும் அருகில் இருப்பதால் கிடைக்க வேண்டிய இயற்கைச் சலுகை இல்லாமற் போயிற்று. பருத்திக்கு இத்தகைய சமன்பாடு வகுக்கப்படவில்லை என்று அம்மாநிலங்கள் சுட்டிக்காட்டி வந்ததில் நியாயம் உண்டு. பைலாடிலாவின் நோக்கில், தாது ஒசாகாவுக்குச் செல்வதற்கும் உள்நாட்டு நகரம் ஒன்றுக்குச் செல்வதற்கும் வேறுபாடு சிறிதே.

2015-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் தோன்றின. பழைய குத்தகைதாரர் ராயல்டியில் 30 விழுக்காட்டுக்கும், ஏலத்தில் குத்தகை பெற்றவர் 10 விழுக்காட்டுக்கும் சமமான தொகையைக் கூடுதலாக இவ்வறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். முதன்முறையாகத் தாதுவின் விலையோடு இணைந்த ஒரு தொகை மாவட்டத்திலேயே தங்குகிறது. குத்தகைகளும் ஏலமுறைக்கு மாறியதால், விலையேற்றத்தின் பயன் முன்னைவிடப் பெரிய அளவில் மாநிலங்களுக்குக் கிடைக்கிறது. கனிம உரிமைகள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும், ராயல்டி வரியாகாது என்றும் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது.

இனி எழும் வினாக்கள் சிறியவை போலத் தோன்றினும் கடினமானவை. அறக்கட்டளையின் நிதியில் பெரும்பகுதி குடிநீர், நலவாழ்வு, கல்வி போன்ற முதன்மைத் துறைகளுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்நிதியால் மாவட்டத் தலைநகரில் மண்டபம் எழுகிறதா, மலையடிவாரத்து ஊரில் கிணறு வெட்டப்படுகிறதா என்பதை விதி மட்டும் முடிவு செய்வதில்லை. பைலாடிலா மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் செந்நீர் பாயும் ஊர்கள் எவை, சுரங்கத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவை என்ற பட்டியலில் அவை இடம்பெற்றுள்ளனவா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் கோப்பு ஒன்று தீர்மானிக்கிறது. அப்பட்டியலைக் கிராம சபையின் முன் படித்துக் காட்டித் திருத்தம் கேட்டுப் பெறுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.